டூப்ளெக்சர் (அமெச்சூர் வானொலி)

ரிப்பீட்டர் நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் இயங்க வழிசெய்யும் வடிகட்டித் தொகுப்பு டூப்ளெக்சர். ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை அதே கணத்தில் இன்னோர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புகிறது. 2 மீட்டர் பட்டையில் இவ்விரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ்தான். 145.150 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.750இல் அனுப்புவது இதற்கு எடுத்துக்காட்டு.

50 வாட் டிரான்ஸ்மிட்டர் தருவது +47 டிபிஎம். நல்ல எஃப்எம் ரிசீவர் -116 டிபிஎம், அதாவது சுமார் 0.35 மைக்ரோவோல்ட் அளவுள்ள சிக்னலையும் பிடித்துவிடும். வித்தியாசம் 163 டெசிபெல். டிரான்ஸ்மிட்டரின் முதன்மை அலையான கேரியரை ரிசீவருக்குள் விடாமல் தடுத்தால் போதும் என்று புதிதாக ரிப்பீட்டர் அமைப்பவர்கள் நினைப்பதுண்டு. அது பாதி வேலைதான். டிரான்ஸ்மிட்டர் தன் அதிர்வெண்ணைச் சுற்றி அகலமாக இரைச்சலையும் கொட்டுகிறது. அதில் ஒரு பகுதி ரிசீவர் கேட்கும் அதிர்வெண்ணிலேயே விழுகிறது. வேண்டிய சிக்னல் இருக்கும் இடத்திலேயே அதுவும் இருப்பதால் ரிசீவர் பக்கத்தில் எந்த வடிகட்டி வைத்தும் பயனில்லை. ஆகவே டூப்ளெக்சரின் வடிகட்டிகளான கேவிட்டிகளில், டிரான்ஸ்மிட்டர் பக்கத்தவை 145.150இலும், ரிசீவர் பக்கத்தவை 145.750இலும் ஆழமான நாட்ச், அதாவது குறுகிய தடுப்புப் பள்ளம், கொண்டிருக்க வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் பக்க நாட்ச் எவ்வளவு ஆழம்? ரிசீவரின் அலைவரிசை அகலத்துக்குள் விழும் இரைச்சல் கேரியரைவிட 90 டெசிபெல் குறைவு என்று கொண்டால், அது -43 டிபிஎம். ரிசீவரின் சொந்த இரைச்சல்தளம் ஏறத்தாழ -126 டிபிஎம். ஆக 83 டெசிபெல் தடுத்தால்தான் இரண்டும் சமமாகும். அதற்கு மேலும் கொஞ்சம் தேவை. இரைச்சல் மிகுந்த பழைய டிரான்ஸ்மிட்டர் என்றால் கணக்கு இன்னும் ஏறும்.

தேர்வு

மலிவாகக் கிடைக்கும் தட்டையான, நாட்ச் மட்டுமே உள்ள டூப்ளெக்சர்கள் யூஎச்எஃப்பில் 5 மெகாஹெர்ட்ஸ் போன்ற அகன்ற இடைவெளிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை 2 மீட்டரில் 600 கிலோஹெர்ட்ஸுக்கு இழுக்கப் பார்ப்பது வீண் செலவு. அங்கே கால் அலைநீளம், அதாவது அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் கொண்ட, வேண்டியதைக் கடத்தி வேண்டாததைத் தடுக்கும் பெரிய உருளைக் கேவிட்டிகள் நான்கோ ஆறோ வேண்டும். விட்டம் கூடக் கூட கியூ மதிப்பு (அதிர்வுக் கூர்மை) ஏறும், இழப்பு குறையும். 1.5 டெசிபெல் இழப்பிலேயே 50 வாட் 35 ஆகிவிடுகிறது. கேவிட்டியின் டியூனிங் கம்பி இன்வார் என்னும் இரும்பு-நிக்கல் உலோகக்கலவையா என்றும் பார்க்க வேண்டும்; வெப்பத்தில் அது மிகக் குறைவாகவே நீளும். வெயிலில் காயும் தகரக் கொட்டகையில் அதன் அருமை தெரியும். பழையதானாலும் நல்ல ஆறு கேவிட்டித் தொகுதியே புதிய தட்டைப் பெட்டியைவிட மேல்.

இந்தியாவில் யூஎச்எஃப்பின் 70 சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே என்பதால், அமெரிக்க வழக்கமான 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கு இங்கே இடமில்லை.

டியூனிங்

நெட்வொர்க் அனலைசர் இருந்தால் வேலை எளிது. ஒவ்வொரு கேவிட்டியையும் தனியே கழற்றி, முதலில் கம்பியை நகர்த்திக் கடத்தும் அதிர்வெண்ணுக்கும், பிறகு கெபாசிட்டரைத் திருகி நாட்ச்சுக்கும் கொண்டுவர வேண்டும். ஒன்று மற்றதை நகர்த்தும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய நேரும். பூட்டு நட்டை இறுக்கும்போதும் டியூனிங் சற்று விலகும். இறுக்கிய பின் அளப்பதே கணக்கு. ஆறு கேவிட்டித் தொகுதியில் ஒரு பக்கத்து மூன்று கேவிட்டிகளையும் சேர்த்த பின் மொத்த நாட்ச்சின் அடி, நேனோவிஎன்ஏ என்னும் மலிவான அனலைசரின் அளவெல்லைக்குக் கீழே போய்விடும். திரையில் தெரியும் இரைச்சல்தளம் கருவியுடையது, டூப்ளெக்சருடையதன்று. எந்த அளவீட்டிலும் அனலைசர் பூட்டாத முனையில் 50 ஓம் சுமை இருக்க வேண்டும். டியூன் ஆகாத டூப்ளெக்சருக்குள் முழுத் திறனை அனுப்பினால் பிரதிபலிப்பு பவர் டிரான்சிஸ்டரைப் பதம் பார்த்துவிடும்.

இணைப்புக் கேபிள்களின் நீளமும் வடிகட்டியின் ஒரு பகுதியே. இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. ஆர்ஜி-214 போல இரட்டை வலைக் கவசமுள்ள கேபிளும் என் வகை கனெக்டரும் நல்லது. அலுமினியத் தாளும் செம்பு வலையும் உரசும் கேபிள் காலப்போக்கில் இரைச்சல் எழுப்பும்.

இறுதிச் சோதனை டிசென்ஸ், அதாவது டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போது ரிசீவரின் உணர்திறன் குறைகிறதா என்பது. ஆன்டெனா முனையில் டம்மி லோடு பூட்டி, ரிசீவருக்கு மெல்லிய சிக்னல் ஒன்றைக் கசியவிட்டு, டிரான்ஸ்மிட்டரை இயக்கியும் நிறுத்தியும் கேட்க வேண்டும். இயக்கும்போது சிக்னல் மங்கினால் டூப்ளெக்சரோ கேபிளோ போதவில்லை. டம்மி லோடில் சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் மங்கினால், டூப்ளெக்சரைத் தொடவே வேண்டாம்: ஃபீடர் கேபிள், கனெக்டர், கோபுரத்தின் துருப்பிடித்த இணைப்புகள் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும்.