பீதார், பயாசிரா: அல் ஐன் சோலையில் ஆப்பிரிக்கர் வரலாறு

வளைகுடா ஆப்பிரிக்கரைப் பற்றி எழுத முற்படும் எவரும் மாத்யூ ஹாப்பரோடு முதலில் வாதாடியாக வேண்டும். 2015இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘ஒரே எஜமானின் அடிமைகள்’ என்ற அவரது ஆங்கில நூலின் வாதம் உறுதியானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியாவுக்கு மனிதர்கள் கடத்தப்பட்டது மாளிகைகளின் பகட்டுக்காக மட்டும் அல்ல, பேரீச்சைக்காகவும் முத்துக்காகவும் என்கிறார் அவர். ஓமனின் ஃபர்த் வகைப் பேரீச்சை அமெரிக்கக் கடைகளில் விற்றது. வளைகுடா முத்தை மேலைநாட்டு நகைக்கடைகள் கேட்டன. அந்தத் தேவை ஆட்களை இழுத்தது. பிறகு கலிபோர்னியாவிலேயே பேரீச்சை காய்த்தது, ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது, 1929இன் பெருமந்தமும் சேர்ந்துகொண்டது. ஆட்களை இழுத்த சந்தையே அவர்களைக் கைவிட்டது.

இந்த நூலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அரேபிய அடிமைமுறை வெறும் வீட்டு ஊழியம், ஆகவே மென்மையானது என்ற பழைய கூற்றை ஹாப்பர் உடைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி லாரிமர் தொகுத்த வளைகுடா விவரச்சுவடியின் எண்களைக் கூட்டி, குவைத்துக்கும் ஓமனுக்கும் இடைப்பட்ட கடலோர மக்களில் சுமார் 17 விழுக்காட்டினர் ஆப்பிரிக்கர் என்று காட்டினார். அடிமை ஒழிப்பைப் பிரிட்டிஷ் கடற்படையின் அறச்செயலாகப் பாடிவந்த புகழுரையையும் கேள்விக்கு உட்படுத்தினார். இவற்றில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு ஒன்றே: அவரது வாதம் கப்பல் ஏறிய பொருளைப் பின்தொடர்கிறது. கப்பல் ஏறாத பொருளை விளைவித்தவன் அதன் கண்ணில் படுவதில்லை.

அமீரகத்தின் அல் ஐனை எடுத்துக்கொள்வோம்: அது வளைகுடாக் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. ஃபலஜ் என்னும் நிலத்தடி வாய்க்கால்களால் உயிர்வாழும் சோலைகளின் கூட்டம் அது. 2011இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கு விளைந்த பேரீச்சையில் பெரும்பங்கு ஊராரின் வயிற்றுக்கும், ஒட்டகப் பாதையில் வந்துபோன பதூ நாடோடிகளின் பைகளுக்கும், அபுதாபி, துபாய் கடலோரக் குடும்பங்களின் உணவுக்குமே சென்றது. நியூயார்க்கின் விலை ஏறி இறங்கியதை வைத்து இந்தத் தோட்டங்களின் உழைப்பை விளக்க முடியாது.

முத்துக்கு இங்கும் பங்கு உண்டு என்று ஹாப்பர் சார்பில் ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஷேக் ஸாயித் பின் கலீஃபாவின் ஆட்சிக் காலத்தில் (1855–1909) அபுதாபி ஆட்சிக் குடும்பம் இந்தச் சோலைகளில் காலூன்றியது. கடலோரச் செல்வம் தோட்டங்களாக மாறியது. ஆனால் முத்துக்குளிப்புப் பருவமும் பேரீச்சை அறுவடையும் ஒரே கோடையில் வருகின்றன. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். குடும்பங்கள் வெயிலுக்குத் தப்பிச் சோலைக்கு வந்தன. முத்தும் பேரீச்சையும் ஒரே கைகளுக்காகப் போட்டியிட்டன. கோடையில் கடலில் மூழ்குபவன் அதே கோடையில் மரத்தில் ஏற முடியாது. மாசி, பங்குனியில் ஆண் பூவைப் பெண் பாளையில் செருகவும், ஆண்டு முழுதும் முறைவைத்து நீர் பாய்ச்சவும், வாய்க்காலின் மண்ணை அள்ளவும் தோட்டத்திலேயே கிடக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

அவனுக்கு உள்ளூரில் வழங்கும் பெயர் பீதார், பன்மை பயாதீர். விளைச்சலில் ஒரு பங்கே கூலி. நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டியைப் போன்றவன். அவன் அடிமையா, குடியானவனா, எந்தக் கரையிலிருந்து வந்தவன் என்பதை இந்தப் பெயர் சொல்வதில்லை. வேலை மட்டுமே தெரிகிறது.

இதனோடு ஒலியில் நெருங்கிய இன்னொரு சொல்லில்தான் நான் நெடுநாளாக நிற்கிறேன்: பயாசிரா. ஓமன் பகுதியில் குலவழி காட்ட முடியாத, உயர்குடியினர் பெண் கொடுக்காத, பிறர் நிழலில் வாழும் கூட்டத்தாரை அது குறிக்கிறது. ஓமன் ஆய்வாளர் ஜே. சி. வில்கின்சன் 1974இல் பயாசிரா, பயாதீர் என்ற இவ்விரு சொற்களையும் சேர்த்தே ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் பயாசிரா என்ற சொல்லின் பழைய ஆட்சி அரேபியாவில் அல்ல, இந்தியாவில் கிடைக்கிறது. ஹிஜ்ரி 304இல் (பொ.ஆ. 916–17) சைமூருக்கு, அதாவது இன்றைய மகாராஷ்டிரத்தின் சௌலுக்கு, வந்த அரபுப் பயணி அல் மசூதி அங்கே பயாசிராவைக் கண்டார். இந்தியாவில் பிறந்த முஸ்லிம்களை அச்சொல் குறிக்கும் என்று விளக்கமும் தந்தார். அவர் எழுத்தில் அதில் இழிவு இல்லை.

ஒரு துறைமுகத்தில் பிறப்பிடத்தைச் சொன்ன சொல், கடலுக்கு அப்பால் பிறப்பின் குறையைச் சொல்லத் தொடங்கியது எப்போது? 10ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எங்கோ நடந்த இந்த மாற்றத்துக்கு உறுதியான ஆண்டு எதையும் என்னால் முன்வைக்க முடியவில்லை. இரண்டும் ஒரே சொல்தானா என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: பயாசிரா என்பது நிறத்தின் பெயர் அல்ல, குலவழி இன்மையின் பெயர். விடுதலை பெற்ற ஆப்பிரிக்கரின் பேரப்பிள்ளை, இந்தியத் தாயின் மகன், பழைய உழுகுடியின் வாரிசு எல்லாரும் இத்தகைய ஒரே சொல்லுக்குள் கரையக்கூடும். அப்படிக் கரைந்தவர்களை ‘நீக்ரோக்கள்’ என்ற காலனியக் கணக்குப் பத்தியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சான்று மெலிந்த இடம் இது என்று அறிந்தே சொல்கிறேன். சான்று ஏன் மெலிந்தது என்பதும் வரலாறுதான்.

ஷார்ஜாவின் பிரிட்டிஷ் முகவரிடம் சென்று விடுதலைச் சீட்டு கேட்டவர்களின் வாக்குமூலங்கள் இன்று நமக்கு முதன்மைச் சான்று. பெயர், வயது, பிறந்த ஊர், கடத்தியவர், விற்றவர் என்று வரிசையாக வரும் அந்தத் தாள்களில் பல, 2014இல் தொடங்கிய கத்தார் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் முகவர் கடற்கரையில் இருந்தார். முத்துப் படகிலிருந்து தப்பியவன் அவர் வாசலை அடைவது எளிது. உள்நாட்டுத் தோட்டத்திலிருந்து தப்பியவன் மணலைக் கால்நடையாகக் கடக்க வேண்டும். ஆவணம் கடலோரம் சாய்ந்திருப்பதற்கு உழைப்பு கடலோரம் இருந்தது மட்டும் காரணமல்ல, எழுதுபவன் அங்கே இருந்ததும் காரணம்.

காலவரிசையும் ஹாப்பரின் சட்டகத்துக்குள் முழுதும் அடங்கவில்லை. முத்துச் சந்தை சரிந்த பிறகும் அல் ஐனை ஒட்டிய புரைமியின் ஹமாசாவில் ஆள் விற்பனை நடந்தது. 1951இல் இன்றைய அமீரகப் பகுதியில் பிரிட்டன் டிருசியல் ஓமன் படையை அமைத்தபோது புரைமி வழி அடிமை வணிகத்தைத் தடுப்பது அதன் பணிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சவூதி அரேபியாவுடனான புரைமி எல்லைத் தகராறில் பிரிட்டன் இதே பேச்சைத் தன் அரசியல் வசதிக்கும் எடுத்தாண்டது. ஆகவே அந்தக் காலத்து அறிக்கைகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

தமிழருக்கு இந்தச் சிக்கல் அந்நியமானதல்ல. 1843இன் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஏற்பை நீக்கியது. ஆனாலும் ‘பண்ணையாள்’ என்ற சொல்லின் நிழலில் கட்டுண்ட உழைப்பு தொடர்ந்தது. பொருளியல் வரலாற்றாசிரியர் தர்மா குமார் 1965இல் வெளியிட்ட நூல் அந்த நிழலை அளந்து காட்டியது. அத்தகைய அளவீடு பீதாருக்கு இன்னும் தேவைப்படுகிறது.

பல்கலைக்கழகங்களில் ஆப்பிரிக்க இயல் அட்லாண்டிக் கடலை நோக்கியே நெடுங்காலம் அமர்ந்திருந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 1955இலேயே ஆப்பிரிக்க ஆய்வுத் துறையைத் தொடங்கியது. 1971இல் ஜோசப் ஹாரிஸ் ஆசியாவின் ஆப்பிரிக்கர் பற்றி நூல் எழுதினார். இந்தியப் பெருங்கடல் ஆய்வு வலுப்பெற அதன் பிறகும் வெகுகாலம் ஆயிற்று. அமீரகத்தைச் சேர்ந்த ஆயிஷா பில்கைர் 2006இல் துபாயின் ஆப்பிரிக்க இசை மரபை உள்ளிருந்து எழுதினார். 2015இல் தோஹாவின் பின் ஜெல்மூத் இல்லம் அடிமை வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகமானது. எல்லாம் மதிப்புடையவை. ஆனால் வளைகுடாவைப் பற்றிய கடைசி இரண்டும் கடற்கரையைச் சேர்ந்தவை.

அமீரகப் பல்கலைக்கழகம் 1976இல் நிறுவப்பட்டது அல் ஐனில், இந்தத் தோட்டங்களுக்கு நடுவில். கத்தாரா, ஜீமி சோலைகளில் தாத்தாவின் மரங்களை எண்ணி வளர்ந்த மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். நீர்ப்பங்கை யார் பெற்றார்கள் என்று ஃபலஜ் கணக்குகள் சொல்லும். அந்த நீரைப் பாய்ச்சியது யார் என்பதை வீட்டு முதியவர்களிடம்தான் கேட்க வேண்டும். பயாசிராவின் காலக்கேள்வி அப்போதும் தீராமல் போகலாம். பீதாரின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் முதுமையில் இருக்கிறார்கள்.