வழிகாட்டிகளுடன் கட்டற்ற மென்பொருள் பங்களிப்பு

அனுபவமுள்ள நிரலாளர் ஒருவரின் வழிகாட்டலில், உண்மையான பயன்பாட்டில் உள்ள கட்டற்ற மென்பொருளுக்கு மாணவர்கள் நிரல் எழுதும் ஏற்பாடு. கூகுள் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ இத்தகைய ஏற்பாடுகளுள் பரவலாக அறியப்பட்டது. மாணவர் தம் திட்ட முன்வரைவை மென்பொருள் அமைப்பு ஒன்றுக்கு அனுப்புவார். தேர்வானால் வழிகாட்டி அவருடைய நிரலை வரிவரியாகப் படித்துத் திருத்தம் கேட்பார். கற்றல் உண்மையில் நிகழ்வது இந்தத் திருத்தங்களில்தான். உதவித்தொகையைக் கூகுள் வழங்குகிறது. 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் சேரலாம்.

சம்மர் ஆஃப் கோட் திட்டத்தின் முதல் பத்தாண்டில் மிக அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் இலங்கையின் மொறட்டுவை. வசதி மிக்க மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களை அது முந்தியது பெருமைக்குரியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சஹானா’ பேரிடர் மேலாண்மை மென்பொருள், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்தது; 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதைப் பெற்றது. பின்னர் சம்மர் ஆஃப் கோட் மாணவர்களும் அதற்கு நிரல் எழுதினர்.

அதே ஆழிப்பேரலை தாக்கிய, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், வானூர் வட்டத்தில் உள்ளது பொம்மையார்பாளையம். இம்மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்பிக்கிறது. பொம்மையார்பாளையம் போன்ற கடற்கரை ஊர் மாணவர்கள் இத்தகைய பங்களிப்புக்குள் நுழைய இது ஒரு நல்ல நுழைவாயில்.