சுவரில் வெள்ளையாக உப்பு பூக்குதா? பெயின்ட் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

மழை விட்டு பத்து நாள் ஆகியிருக்கும். ஆனால் வெளிச்சுவரில் முழங்கால் உயரம் வரை ஈரம் மட்டும் காயாது. தொட்டால் பூச்சு உதிரும், கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் தருமபுரி மாவட்டத்தில் இது பல வீடுகளின் பிரச்சனை. உடனே பெயின்ட் டப்பா வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

அந்த வெள்ளைப் பொடி என்ன?

தருமபுரி என்றாலே ஃப்ளோரைடு தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் சுவரில் பூப்பதற்கு முக்கியக் காரணம் ஃப்ளோரைடு இல்லை. செங்கல், மணல், சிமென்ட், போர் தண்ணீர், மண் ஆகியவற்றில் இருக்கும் சல்பேட், கார்பனேட் போன்ற உப்புகள்தான் அவை. ஈரம் அவற்றைக் கரைத்து வெளியே கொண்டு வருது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் தங்கி, பூச்சைத் தள்ளிவிடும். இந்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

ஈரம் எங்கிருந்து வருது?

தரையிலிருந்து சுமார் மூன்று அடிக்குள் நின்றால், பெரும்பாலும் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை போடாத வீடுகளில் இது சகஜம். ஜன்னலுக்குக் கீழே, பைப் ஓரத்தில் மட்டும் இருந்தால் அது கசிவு. சுவரை ஒட்டி மண் மேடாக இருந்தால் முதலில் அதை வெட்டி எடுத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்க. காசு குறைவு, பலன் அதிகம்!

செங்கலா, கருங்கல்லா?

செங்கல் தண்ணீர் குடிக்கும். சாதாரண செங்கல் 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது ஐ.எஸ். 1077 தரவிதி. அதாவது, நன்றாகக் காய்ந்த 3 கிலோ செங்கல் ஊறிய பிறகு 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. புதுசா கட்டுறவங்க ஒரு தராசு இருந்தால் வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

கருங்கல் கதை வேறு. கல் கிட்டத்தட்ட தண்ணீரே குடிக்காது, இணைப்புகள்தான் குடிக்கும். உதிர்ந்த கலவையை இரண்டு செ.மீ. ஆழம் சுரண்டிவிட்டு மறுபடி பாயிண்டிங் செய்ய வேண்டும். மண், சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவர் என்றால் சுண்ணாம்புக் காரையே நல்லது. கொத்தனார் பலர் சிமென்ட்டையே சொல்வாங்க, வேலை சீக்கிரம் முடியும் இல்லையா! ஆனால் கெட்டியான சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் போடலாமா?

சிலேன், சிலாக்சேன் வகை திரவங்கள் மழைநீரைத் தடுக்கும், உள் ஈரத்தையும் ஆவியாக விடும். ஆனால் அவை தரையிலிருந்து ஏறும் ஓதத்தை நிறுத்தாது. விரிசலை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் அடிப்பது சரி.

ஒரு எச்சரிக்கை: மண் கலவையில் கட்டிய கல் சுவர் மழைக்காலத்தில் வயிறு தள்ளி நின்றாலோ, புது விரிசல் அகலமாகிக்கொண்டே போனாலோ, அது பூச்சு வேலை இல்லை. அந்தச் சுவர் ஓரம் யாரும் படுக்க வேண்டாம், மாட்டையும் கட்ட வேண்டாம். உடனே பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.