கரை நடந்த ஆய்வு

கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு இன்று பட்டமும் பதவியும் உடையதொரு தொழிலாகும். இந்தியாவில் 1970களில் அதற்கான பதவிகள் மிக அரிதாகவே இருந்தன. அக்காலத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற பொறியியலை இடையில் விடுத்த சதீஷ் பாஸ்கர், சென்னைப் பாம்புப் பண்ணையின் ஆதரவுடன் கடலாமைகளைத் தேடிக் கரையோரமாக நடக்கத் தொடங்கினார்.

இலட்சத்தீவுகளிற் பேராமைகள் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெருமளவிற் கரையேறி முட்டையிடுகின்றன. கடல் கொந்தளிக்கும் அம்மாதங்களில் வெளித்தீவுகளுக்குப் படகுகள் செல்வதில்லை. எனவே 1982இல் அவர் உணவுப்பொருள்களுடன் சுஹேலியிலுள்ள ஆளில்லாத் தீவொன்றிற் சென்றிறங்கி, மழைக்காலம் முடியும்வரை தனித்திருந்து ஆமைத் தடங்களை எண்ணினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் போத்தலில் அடைத்துக் கடலில் விட்டார். அதனைக் கண்டெடுத்த இலங்கை மீனவர் ஒருவர் உரியவருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார்.

அந்தமான், நிக்கோபார்த் தீவுகளிலும் அவர் கால்நடையாகத் திரட்டிய தரவுகள் பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமாயின. 2023இல் மறைந்த அவரைப் பட்டமோ பதவியோ ஆய்வாளராக்கவில்லை. விலங்கு கரையேறும் பருவத்தில் ஆய்வாளனும் அக்கரையில் இருத்தல் வேண்டும் என்ற உறுதியே அவரை ஆய்வாளராக்கியது. களஆய்வை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழைவோர் முதலிற் கற்கவேண்டிய பாடமும் அதுவேயாகும்.