வீட்டுச் சேமிப்புப் பெட்டி கணினியில் தெரியவில்லையா?

குடும்பப் படங்களைச் சேமித்து வைக்கும் 'நாஸ்' பெட்டி திடீரெனக் கணினியில் தெரியாமல் போனால், உடனே அதை ஃபார்மட் செய்துவிடக் கூடாது. வன்தட்டு நன்றாகவே இருக்கலாம். பழைய மென்பொருளே காரணமாகலாம்.

பழைய பெட்டிகள் சில 'எஸ்எம்பி 1' முறையில் மட்டுமே இயங்கும். 2017 மே மாதம் வானாக்ரை நச்சுநிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அம்முறை தானாக நிறுவப்படுவதில்லை. கணினியில் அதை மீண்டும் திறந்துவிடுவது ஆபத்து.

பெட்டியின் ஐபி எண்ணை உலாவியில் தட்டி உள்ளே நுழையலாம். முதலில் படங்களை வேறொரு வன்தட்டில் நகலெடுக்க வேண்டும். பிறகு பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, 'எஸ்எம்பி 2' அல்லது 3-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. புதுப்பிப்பே கிடைக்காத பெட்டியை மாற்றிவிடுவது நல்லது.