ஆற்றங்கரையும் அதிகாரமும்



நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நம் ஊரை ஒட்டி ஓடும் அடையாற்றைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அந்த ஆறு கரைபுரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. தெருக்களில் படகுகள் சென்றன. மாடி வீடு, குடிசை வீடு என்று வெள்ளம் வேறுபாடு காட்டவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்தபின் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் வேறுபாடு காட்டின. அதன் காரணத்தை அறிய வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் வட்டாரம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அக்காலத்தில் சேரியில் குடிசை நின்ற மனைகூடப் பல ஊர்களில் மிராசுதாரரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் இருக்கும் குடிசையும் போய்விடும் என்ற அச்சமே நம் முன்னோரைக் கட்டி வைத்த கயிறு. அவ்வறிக்கையின் பின்னரே, 1892இல், பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனின், குடியிருக்கும் மண் எவர் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரமும் இருக்கிறது என்பதாம்.

பிழைப்புத் தேடிச் சென்னை சென்ற நம்மவர் பலருக்கு வாய்த்த இடங்கள் அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளே. சாக்கடையும் கொசுவும் நிறைந்த அக்கரைகளை அன்று வேறெவரும் விரும்பவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் சட்டமும் வந்தது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. சென்னையில் 1971இல் 1,202 குடிசைப் பகுதிகளும், 1985இல் மேலும் 17 பகுதிகளும் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் அப்பட்டியல் நீளவேயில்லை. பட்டியலில் இருந்தவர்க்குச் சட்டத்தின் காப்பு இருந்தது. இல்லாதவர் ‘ஆக்கிரமிப்பாளர்’ எனப்பட்டனர்.

காலம் மாறிற்று, கரையின் மதிப்பும் உயர்ந்தது. அடையாற்றின் கழிமுகத்தை அழகுபடுத்த 2006இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2011இல் அங்குத் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. நகரின் ஏழைகளுக்கோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவிலேயே வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2015 வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்திற்கே அனுப்பப்பட்டன. அப்பகுதியோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிய தாழ்விடம். மழை மிகுந்தால் அங்கும் நீர் சூழும்! அதே ஆற்றின் குறுக்கே பாலமிட்டு விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை நீட்டப்பட்டிருக்கிறது. அதனை எவரும் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதில்லை.

இவ்வாறு பெயர்க்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளை நாம் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறோம். கல்வியாண்டின் நடுவில், மாற்றுச் சான்றிதழும் இல்லாமல், ஈரம்பட்ட புத்தகத்துடன் வந்து நின்றனர். தந்தைக்குப் பழைய இடத்தில் வேலை. தாய்க்குப் பேருந்துக் கட்டணம் கட்டுபடியாகவில்லை. சில திங்களில் அப்பிள்ளைகளுள் சிலர் வருகைப் பதிவேட்டிலிருந்தே மறைந்தனர். வீட்டோடு படிப்பும் இடிக்கப்படுகிறது என்பதனை அன்று உணர்ந்தோம்.

ஆறு அகலப்பட வேண்டும், கரையில் வாழ்வது உயிருக்கு இடர் என்பதை நாம் மறுக்கவில்லை. முடிச்சூரில் வாழும் நாம் அதனை எவ்வாறு மறுக்க இயலும்? நம் வினா வேறு. யார் முடிவு செய்கிறார்கள்? எவரைக் கேட்டு? எங்கே அனுப்புகிறார்கள்?

இவ்வினாக்களைப் பிறரும் எழுப்பியுள்ளனர். அகமதாபாத் நகரில் சபர்மதி ஆற்றின் கரையை மேம்படுத்த 1997இல் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. கரைவாழ் மக்கள் தமக்கென ஓர் உரிமை மன்றம் கண்டு, 2005இல் குஜராத் உயர்நீதிமன்றத்தை நாடினர். மாற்றிடம் தராமல் வெளியேற்றக் கூடாதென்ற நிலை அவ்வழக்கால் உருவாயிற்று. அங்கும் பலர் தொலைவுக்கே சென்றனர். எனினும் வெறுங்கையுடன் துரத்தப்படுவது தடைபட்டது. நம் சென்னையில் 2022 மே திங்களில், பக்கிங்காம் கால்வாயையொட்டிய கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன்பின்னரே அருகிலுள்ள மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடுகள் தரப்படும் என அரசு அறிவித்தது. அருகிலேயே இடம் உண்டு என்பதை ஏற்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. இனியோர் உயிர் போகலாகாது.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் பெற்றோரின் பட்டா, குடும்ப அட்டை, வரி ரசீது ஆகியவற்றை எடுத்துப் படியுங்கள், பத்திரப்படுத்துங்கள். கிராம சபைக்குத் தவறாது செல்லுங்கள். அறிவிப்புக் கடிதம் வந்தால் எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வினா எழுப்புங்கள். நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. ஆகவே அவர் குடியிருந்த மனையும் பிறர் ஏட்டில் இருந்தது. இக்கழகம் உங்களுக்கு எழுத்தைத் தந்திருக்கிறது. அண்டை வீட்டார்க்கும் அது பயன்படட்டும்.