சிறுவாடு யாருடைய முதுமைக்கு?

இளமையிலேயே முதுமைக்குச் சேமிக்கத் தொடங்குங்கள் என்று பெண்களுக்கு இன்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்ற எண்ணம் அந்த அறிவுரைக்குள் ஒளிந்திருக்கிறது. நம் மொழியில் 'சிறுவாடு' என்றொரு சொல் இருப்பதே அதற்குப் பதில். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், மோரும் முட்டையும் விற்றும், அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் ஒளித்து வைத்த பணம் அது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது, எத்தனையோ வீடுகளில் அந்தப் பணம் முதன்முறையாக ஆண்களின் கண்ணில் பட்டது. சேமிப்பை ஏன் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் கேள்வி.

அதற்கான பதிலின் ஒரு பகுதி சட்டத்தில் இருக்கிறது. பழைய இந்து சட்டத்தில் உறவினர் அன்பாகத் தந்த சீர் பெண்ணுடையது. ஆனால் மணவாழ்வின்போது அவள் தன் உழைப்பால் ஈட்டியதைக் கணவன் இருக்கும்வரை அவன் சம்மதமின்றி விற்கவோ கொடுக்கவோ முடியாது. 1874இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம், மனைவியின் சம்பளமும் சேமிப்பும் அவளுக்கே என்றது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே சட்டம் எழுதிவைத்தது.

அச்சட்டத்தின் ஒரு பிரிவு மட்டும் பிறகு நம்மிடம் வந்தது. கணவன் தன் உயிர்மேல் எடுத்து மனைவி மக்களுக்கென எழுதும் காப்பீட்டுப் பணத்தை அவனுடைய கடன்காரர்கள் தொட முடியாது என்ற பிரிவு அது. சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுக்கப்பட்ட பாலிசிகளுக்கு அது பொருந்தியது. மற்ற பகுதிகளுக்கு 1923இல்தான் வந்தது. பெண் தன் சொந்த உழைப்பால் சேர்த்ததற்கும் முழு உரிமையாளர் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொன்னது 1956இல். கணவன் அவளுக்காகச் சேமித்ததைக் காத்த சட்டம், அவளே சேமித்ததைக் காக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

உரிமை வந்தபின் அந்தப் பணம் எங்கே போனது? 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வைப்புநிதித் திட்டத்தைப் பாருங்கள். வேலையை விட்டவர் முழுத் தொகையையும் எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றது விதி. ஒரு விலக்கும் கொடுத்தது: திருமணத்துக்காக வேலையை விடும் பெண் காத்திருக்க வேண்டியதில்லை. முதுமைக்கென்று பிடித்த பணத்தைக் கல்யாணச் செலவுக்குக் கொடுக்கச் சட்டமே அவசரப்பட்டது. ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்று கணக்குப் போட்டால், 23 வயதில் எடுக்காமல் விட்ட 1 லட்சம் ரூபாய் 58 வயதில் 14 லட்சத்தைத் தாண்டும். 1995இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். கல்யாணத்தோடு வேலையை விட்டவள் அந்தப் பத்தாண்டைத் தொடுவது அரிது.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் இதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். பதின்வயதுப் பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அது வரதட்சணைக்கு. உடல் முடியாமல் இடையில் கிளம்பியவர்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம் அது. அதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசும் இதே வழியில்தான் நடந்தது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். கல்யாணம் வரையாவது பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. பின்னர் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, உயர்கல்வி படிக்கும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பெண்ணின் பெயரில் ஒதுக்கிய பணம் கல்யாணத்திலிருந்து படிப்புக்கு வர 33 ஆண்டுகள். ஆனால் 2015இல் வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கை 18 வயதுக்குப் பின் இன்றும் கல்யாணத்துக்காக முடித்துக்கொள்ளலாம்.

பெண்கள் எப்போதும் இளமையிலேயே சேமித்தார்கள். மகளின் நகைக்கு, மகனின் படிப்புக்கு, கணவனின் கடனுக்கு என்று அந்தப் பணத்துக்கு மற்றவர்கள் பெயர் வைத்தார்கள். தன் அறுபது வயதுக்கென்று சேர்ப்பவளைச் சுயநலக்காரி என்றார்கள். முதல் சம்பளம் வாங்கும் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: வேலை மாறினாலும், கல்யாணமே ஆனாலும், வைப்புநிதியை எடுத்துவிடாதீர்கள். அந்தப் பணம் எதற்கு என்று வீட்டில் கேட்டால், என் முதுமைக்கு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிறுவாடு சேர்த்த நம் பாட்டிகளால் சொல்ல முடியாமல் போன பதில் அது.